நம்ம ஊட்டுப் பேச்சு கதையாகுங்களா? எழுத ஆரம்பித்துப் பாதியில் நிற்கிறேன்

ஊடைநூல் | திருப்பூர் | செவ்வாய், இரவு 11:42

வணக்கம். ஒரு வருஷமாக இங்கே படித்துக்கொண்டு மட்டும்தான் இருந்தேன். எழுதுவது இதுதான் முதல் முறை.

எனக்கு 27 வயது. பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. சொந்த ஊர் சோமனூர் பக்கம். அம்மா தறிக்குடோன்களுக்குப் போய்ப் பாவு பிணைக்கிறவர். காலை எட்டரைக்கு உள்ளே போனால் ஒன்றரை ஷிப்ட் முடிந்து இரவு எட்டு மணிக்கு வெளியே வருவேன். ரூமுக்கு வந்து சாப்பிட்டு, பாத்திரம் கழுவி வைத்த பிறகு ஒரு மணி நேரம் எனக்கென்று கிடைக்கும். அதில்தான் கதை எழுதப் பார்க்கிறேன்.

மூன்று நோட்டு, 11 கதைகள். ஒன்றைத் தவிர எதுவும் முடியவில்லை. எல்லாம் இரண்டாம் பக்கத்திலோ மூன்றாம் பக்கத்திலோ நிற்கிறது. எழுதும்போது நன்றாகத்தான் போகும். அடுத்த நாள் எடுத்துப் படித்தால் கூசும். நோட்டை மூடிவிட்டுப் புதுக்கதை ஒன்றை ஆரம்பிப்பேன்.

முடித்த ஒரே கதை என் அம்மிச்சியைப் பற்றியது. எங்கள் பக்கம் அம்மாவைப் பெற்றவரை அம்மிச்சி என்போம். அந்தக் கதையை ஒரு பத்திரிகைக்கு அனுப்பி ஐந்து மாதம் ஆகிறது. போடுவோம், போடமாட்டோம் என்று ஒரு வார்த்தை இல்லை. அதற்கு முன்னால், எனக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்த ஒருவரிடம் காட்டினேன். "பொடக்காலி, ஒறம்பரை, கட்டுத்தரை எல்லாம் வேண்டாம்மா, மத்த ஊர்க்காரங்களுக்குப் புரியாது, நல்ல தமிழ்ல மாத்திட்டு வா" என்றார். பொடக்காலி என்றால் வீட்டுக்குப் பின்பக்கம், ஒறம்பரை என்றால் விருந்தாளி, கட்டுத்தரை என்றால் மாடு கட்டும் இடம். மாற்றினேன். மாற்றிய பிறகு அது என் அம்மிச்சியாகவே இல்லை. யாரோ சினிமாவில் வரும் பாட்டி மாதிரி இருந்தது.

போனில் அடித்தாலும் அப்படித்தான். அம்மிச்சி என்று அடித்தால் அடியில் சிவப்புக்கோடு விழுகிறது. பொடக்காலிக்கும் விழுகிறது. அந்தக் கோட்டைப் பார்க்கப் பார்க்க, எங்க ஊட்டுல பேசறது எல்லாமே தப்போ என்று மனசு பொக்கென்று போகிறது.

எங்கள் சொந்தக்காரர்கள் வாட்ஸ்அப் குழுவில் மாமா ஒருவர், "கதை எழுதி என்ன சாமி கெடைக்கும், அந்த நேரத்துக்கு ஓ.டி. பாத்தீன்னா காசாவது வரும்" என்று போட்டார். எனக்குக் கோபம் வரவில்லை. அவர் சொல்வது சரிதானோ என்று தோன்றியது. அதுதான் பயமாக இருக்கிறது.

எனக்கு எழுத வருமா வராதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? வராது என்றால் விட்டுவிடலாம். அதுகூடப் பரவாயில்லை. தெரியாமல் கிடப்பதுதான் முடியவில்லை.

கொறங்காடு | காங்கயம் | புதன், காலை 5:50

அம்மிணி, உங்கள் பதிவை இரண்டு தடவை படித்தேன். உங்கள் ரூம், உங்கள் மாமா, அந்தச் சிவப்புக்கோடு எல்லாம் கண்முன்னால் வந்துவிட்டது. எழுத வருமா என்று கேட்டு நீங்கள் எழுதியதே எனக்குப் பதில் மாதிரி இருக்கிறது. நான் சொன்னால் உங்களுக்கு நம்பிக்கை வராது என்பதும் தெரியும். எனக்கு யார் சொல்லியும் வரவில்லை.

நான் காட்டுவேலை செய்கிறவன். முதல் கதை எழுதும்போது 41 வயது. நோட்டை அட்டாலியில் விதைச்சோளப் பானைக்குப் பின்னால் வைத்திருப்பேன். ஒரு நாள் வீட்டுக்காரி எடுத்துவிட்டாள். ஏதோ கடன் கணக்கு என்று பயந்துதான் பிரித்திருக்கிறாள். முழுசும் படித்துவிட்டு, "இது எங்க சின்னாத்தா கதைதானுங்க?" என்றாள். அவளுடைய சின்னாத்தாவை நான் பார்த்ததே கிடையாது. அன்றைக்குத்தான் பயம் கொஞ்சம் இறங்கியது. இப்போது இரண்டு தொகுப்பு வந்துவிட்டது. பயம் முழுசாகப் போகவில்லை.

ஊர்ப்பேச்சு விஷயத்துக்கு வருகிறேன். நம்ம கீரனூரில் பிறந்தவர்தான் ஆர். சண்முகசுந்தரம். 1917ல் பிறந்தவர். அவருடைய 'நாகம்மாள்' 1942ல் வந்தபோது அவருக்கு வயது 25. உங்களைவிட இரண்டு வயது சின்னவர். புருஷன் செத்துப்போன ஒரு பெண் தன் பங்கு நிலத்தைக் கேட்கிறாள், அதுதான் கதை. பேசுகிறவர்கள் எல்லாரும் நம்ம குடியானவர் வீட்டுப் பேச்சைத்தான் பேசுகிறார்கள். தமிழில் வட்டார நாவல் என்று யார் பேச்செடுத்தாலும் அதிலிருந்துதான் தொடங்குவார்கள். மற்ற ஊர்க்காரர்களுக்குப் புரியாது என்று அவர் மாற்றி எழுதியிருந்தால் இன்றைக்கு யார் தேடிப் படிப்பார்கள்?

கோவில்பட்டிப் பக்கம் கி. ராஜநாராயணனின் முதல் கதை 1958ல் 'சரஸ்வதி' இதழில் வந்தது. அப்போது அவருக்கு 35 வயது, பண்ணையம் பார்த்துக்கொண்டிருந்தார். பிற்பாடு புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தில் அவரைப் பேராசிரியராகவே கூப்பிட்டு உட்காரவைத்தார்கள். கரிசல் சொற்களுக்கு அவர் ஓர் அகராதியே போட்டார். நம்ம பக்கத்துக்குப் பெருமாள்முருகன் 2000ல் 'கொங்கு வட்டாரச் சொல்லகராதி' போட்டிருக்கிறார். கிடைத்தால் வாங்கிப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். போன் கோடு போட்டால் போட்டுவிட்டுப் போகட்டும். அகராதி இருக்கிறது.

நடுவானம் | கோவை | புதன், மதியம் 1:15

வணக்கம் அக்கா. நான் சாப்ட்வேர் வேலையில் இருக்கிறேன். உங்களுக்கு இருப்பது எல்லாருக்கும் இருக்கும் ஒன்றுதான் என்று சொல்ல வந்தேன்.

1978ல் பவுலின் கிளான்ஸ், சூசன் ஐம்ஸ் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் ஒரு கட்டுரை எழுதினார்கள். படிப்பிலும் வேலையிலும் மேலே வந்த 150க்கும் அதிகமான பெண்களோடு பழகிப் பார்த்து எழுதியது. பட்டம், பதவி, பாராட்டு எல்லாம் இருந்தும், "எனக்குத் தகுதி இல்லை, எல்லாரையும் ஏமாற்றிக்கொண்டிருக்கிறேன், ஒரு நாள் கண்டுபிடித்துவிடுவார்கள்" என்றே அவர்கள் நினைத்தார்களாம். நமக்குள் கேட்கும் குரலும் அதுதான். அது பொய்க்குரல் என்று தெரிந்துகொண்டாலே பாதிப் பாரம் குறையும்.

இன்னொன்று, தினமும் 500 வார்த்தை என்று ஒரு கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். நல்லா இருக்கா இல்லையா என்று பார்க்கவே வேண்டாம். நான் அப்படித்தான் செய்கிறேன்.

விரலிமஞ்சள் | ஈரோடு | புதன், இரவு 9:30

தம்பி நடுவானம், நீங்கள் அக்கறையாகச் சொன்னது புரிகிறது. ஆனால் அந்தக் கட்டுரை இந்தப் பெண்ணுக்குப் பொருந்தாது என்று நினைக்கிறேன். அது சாதித்து முடித்தவர்களைப் பற்றியது. கையில் சாதனை இருந்தும் அவர்களால் நம்ப முடியவில்லை. ஊடைநூல் கையில் 10 பாதிக்கதைகள் இருக்கின்றன. "என்னால் முடிக்க முடியவில்லையே" என்று அவர் நினைத்தால் அது பொய்க்குரல் இல்லை, உண்மை. உண்மைக்கு ஆறுதல் சொல்லிப் பயனில்லை. முடிக்கத்தான் வேண்டும்.

நான் பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கிறேன். இரண்டு பிள்ளைகள். ஏழு வருஷம் பாதிக்கதைதான் எழுதினேன். ஒவ்வொரு ஆகஸ்டும் இங்கே புத்தகத் திருவிழா நடக்கும், 2005லிருந்து நடக்கிறது. உள்ளே நுழைந்து ஸ்டால் ஸ்டாலாகப் போகப் போக என் கால் கனக்கும். இத்தனை ஆயிரம் புத்தகம் இருக்கும்போது என்னுடையது எதற்கு? வெளியே வந்து பிள்ளைகளுக்கு டெல்லி அப்பளம் வாங்கிக்கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போவேன். அதற்கப்புறம் ஒரு மாசம் எதுவும் எழுத வராது.

பெரியவர்கள் பெயரைச் சொன்னால் தெம்பு வரும் என்று எல்லாரும் நினைக்கிறார்கள். கொறங்காடு ஐயா தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. 25 வயதில் நாகம்மாள் எழுதினார் என்று கேட்டால் எனக்குத் தெம்பு வராது. எனக்கு 25 வயதில் என்ன இருந்தது என்றுதான் நினைப்பு ஓடும்.

எங்கள் மாமனார் மஞ்சக்காட்டுக்காரர். மஞ்சளைத் தோண்டி எடுக்கும் அன்றைக்குப் பார்த்தால் மண்ணும் வேருமாக அசிங்கமாக இருக்கும். வேகவைத்து, களத்தில் 10, 15 நாள் காயப்போட்டு, அப்புறம் பாலிஷ் டிரம்மில் போட்டு உருட்டினால்தான் அந்த நிறமும் பளபளப்பும் வரும். நீங்கள் தோண்டின அன்றைக்கு ராத்திரியே கடையில் அடுக்கிவைத்த விரலியோடு உங்கள் மஞ்சளை வைத்துப் பார்க்கிறீர்கள். படித்தால் கூசுகிறது என்றால் கூசட்டும். அது முதல் நாள் பார்வை.

11ல் ஒன்றை எடுங்கள். மோசமாக இருந்தாலும் கடைசி வரி வரைக்கும் போங்கள். 15 நாள் அந்த நோட்டைத் தொடாதீர்கள். அப்புறம் எடுத்துப் படியுங்கள். புதுக்கதை எதுவும் அதுவரைக்கும் ஆரம்பிக்கக் கூடாது. எனக்கு முடிக்க வந்தது இப்படித்தான்.

தினமும் 500 வார்த்தையெல்லாம் ஒன்றரை ஷிப்ட் பார்த்துவிட்டு வருகிற பெண்ணுக்கு நடக்காது தம்பி. செக்கிங் என்றால் நாள் முழுக்கக் கண்ணுக்குத்தான் வேலை.

ரிக்வண்டி | திருச்செங்கோடு (இப்போது சத்தீஸ்கர்) | வியாழன், அதிகாலை 2:05

போர்வெல் தோண்டும் வண்டியில் வேலை. வருஷத்தில் எட்டு ஒன்பது மாதம் வெளி மாநிலம்தான். இங்கே பேசத் தமிழ் ஆள் வண்டியில் இருப்பவர்கள் மட்டும்தான், அதிலும் பாதிப் பேர் தூங்கிக்கொண்டிருப்பார்கள். அதனால்தான் எழுத ஆரம்பித்தேன். எழுத்தாளர் ஆகவேண்டும் என்று அப்போது நினைக்கவே இல்லை. ஊர்ப்பேச்சு காதில் கேட்க வேண்டும் போல் இருந்தது.

ஊடைநூல் சகோதரிக்கு ஒரு வழி சொல்கிறேன். கண்ணு வலித்தால் எழுத வேண்டாம். போனில் குரலைப் பதிவு செய்யுங்கள். உங்கள் அம்மிச்சி கதையை உங்கள் அம்மாவிடம் சொல்வது மாதிரிச் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து அதைக் கேட்டுக் கேட்டு நோட்டில் எழுதுங்கள். வாயால் சொல்லும்போது "கதிரவன் உதித்தான்" என்று யாரும் சொல்ல மாட்டோம். பொய்யான வார்த்தை வாயில் வராது, கையில்தான் வரும். இது நான் அனுபவத்தில் பார்த்தது. தானாக எழுத்தாக மாற்றித்தரும் வசதியைப் போடாதீர்கள், அது நம்ம பேச்சைக் கடித்துத் துப்பிவிடுகிறது. குரலை அப்படியே வையுங்கள்.

குழி 600 அடி தாண்டிவிட்டது. அப்புறம் வருகிறேன்.

உடுக்கைச்சத்தம் | மொடக்குறிச்சி | வியாழன், காலை 7:20

ரிக்வண்டி தம்பி சொன்னதைப் படித்ததும் அப்பாவைப் பெற்ற எங்கள் அப்பாரு ஞாபகம் வந்துவிட்டது. அவருக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. அண்ணமார் கதை, பொன்னர் சங்கர் கதை என்பார்களே, அதைக் கேட்க எத்தனை கல் தொலைவானாலும் நடந்து போவார். உடுக்கையை அடித்துக்கொண்டு பாடுவார்கள். ஒரு ராத்திரியில் முடிகிற கதை இல்லை, ராத்திரி ராத்திரியாகப் போகும். அண்ணமார் சண்டையில் விழும் படுகளம் பாடும்போது கூட்டத்தில் ஆட்கள் அப்படியே சாய்ந்து விழுவார்கள். அழுகிறவர்கள் யாரும் கண்ணைத் துடைக்க மாட்டார்கள்.

1965ல் பிரெண்டா பெக் என்ற மானிடவியலாளர் காங்கயம் பக்கம் ஓலப்பாளையத்தில் தங்கி, அந்தக் கதையைப் பாடகர்கள் பாடப் பாட ஒலிநாடாவில் பதிவு செய்தார். பிறகு அது தமிழும் ஆங்கிலமுமாகப் புத்தகமாகவும் வந்தது. கடல் தாண்டி வந்த ஒருவர் ஒரு எழுத்து மாற்றாமல் எடுத்துவைத்துக்கொள்ள வேண்டும் என்று நினைத்த பேச்சு அது. அதே பேச்சைத்தான் அம்மிணி, உங்கள் அம்மிச்சியும் பேசியிருப்பார். அதை மாற்றச் சொன்னார்கள் என்று நினைத்தால் எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது. அந்த ஆசிரியர் மேல் கோபம் இல்லை. அவருக்கும் யாரோ அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருப்பார்கள்.

ஊடைநூல் | திருப்பூர் | சனி, இரவு 10:20

இத்தனை பேர் எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை. இன்றைக்குச் சம்பள நாள், கொஞ்சம் சீக்கிரம் விட்டார்கள். எல்லாவற்றையும் உட்கார்ந்து மறுபடி படித்தேன்.

விரலிமஞ்சள் அக்கா சொன்னதைப் படித்தபோது அம்மா ஞாபகம் வந்தது. தறியில் ஒரு பாவு ஓடி முடிந்ததும், புதுப் பாவின் இழை ஒவ்வொன்றையும் பழைய பாவின் இழையோடு சேர்த்து முடிச்சு முறுக்க வேண்டும். ஆயிரக்கணக்கில் இருக்கும். சின்ன வயசில் நான் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, "இன்னும் எத்தன இருக்குதும்மா?" என்று கேட்டுக்கொண்டே இருப்பேன். அம்மா திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். "எண்ணுனா கை நின்னு போயிரும், சித்த பேசாம இரு" என்பார். நான் எழுதும்போது எண்ணிக்கொண்டே இருக்கிறேன் என்று இப்போதுதான் தெரிகிறது. இது எத்தனை பக்கம் வரும், யார் போடுவார்கள், போட்டால் யார் என்ன சொல்வார்கள் என்று.

கேட்க வேண்டாம் என்று நினைத்தேன், இருந்தாலும் போடுகிறேன். "நல்ல தமிழில்" மாற்றிய கதையின் முதல் பத்தி இது:

*கதிரவன் தன் பொற்கரங்களை விரித்த அந்த அதிகாலைப் பொழுதில், என் பாட்டி கொல்லைப்புறத்தில் சோகமே உருவாக அமர்ந்திருந்தார். வாழ்க்கை தந்த வலிகள் அவருடைய முகத்தில் கோடுகளாகப் படர்ந்திருந்தன. அவர் நேசித்த பசு இப்போது அங்கே இல்லை. அவருடைய இதயம் கனத்தது.*

எங்கே தப்பு என்று யாராவது சொல்லுங்கள். தப்பு என்று மட்டும் தெரிகிறது.

மெய்ப்புப்பேனா | கோவை | ஞாயிறு, காலை 11:00

நான் 22 வருஷமாக மெய்ப்பு, அதாவது புரூஃப், பார்க்கிறவன். மற்றவர்களின் பக்கங்களில்தான் என் வாழ்க்கை போகிறது. அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

முதலில் உங்கள் பழைய கேள்வி. "எனக்கு எழுத வருமா?" என்பதற்கு யாராலும் பதில் சொல்ல முடியாது. 30 புத்தகம் போட்டவர்கள் என்னிடம் பக்கத்தைக் கொடுத்துவிட்டு, "பரவால்லீங்களா?" என்று முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார்கள். ஆனால் இப்போது "எங்கே தப்பு?" என்று கேட்டீர்கள் பாருங்கள், இதற்குப் பதில் இருக்கிறது. உட்கார்ந்து பார்க்கலாம்.

கதிரவனும் பொற்கரமும் உங்களுடையவை இல்லை. பள்ளிக்கூடத்துக் கட்டுரை நோட்டிலிருந்து வந்தவை. எடுத்துவிடுங்கள்.

"சோகமே உருவாக" என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படி உட்கார்ந்திருந்தாரா? கொங்கு நாட்டில் மாடு வைத்துப் பிழைத்த ஒரு பொம்பளை காலையில் சும்மா உட்கார்ந்திருக்கமாட்டார். அவர் கை என்ன செய்துகொண்டிருந்தது? அதைச் சொல்லுங்கள்.

"நேசித்த பசு". நேசம் என்ற சொல்லை அவர் ஒரு நாளாவது சொல்லியிருப்பாரா? மாடு எப்படிப் போனது, விற்றதா, செத்ததா? போய் எத்தனை நாள்? மாடு இருந்த இடத்தில் என்ன கிடந்தது? நீங்கள் எங்கே நின்றீர்கள்?

"இதயம் கனத்தது" என்ற வரியை அடித்துவிடுங்கள். மேலே கேட்டவற்றுக்குப் பதில் எழுதினால் படிக்கிறவருக்கே கனக்கும்.

இங்கே கோவை ஞானி இருந்தார். தமிழாசிரியர், விமர்சகர். நீரிழிவால் பார்வை போன பிறகும், அடுத்தவர்களைப் படிக்கச் சொல்லிக் கேட்டு, சொல்லி எழுதவைத்து, கட்டுரையும் பத்திரிகையுமாகவே வாழ்ந்தவர். 2020ல் காலமானார். கண் தெரியாத ஒருவருக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டுவதாக நினைத்து உங்கள் பத்தியைப் படித்துப் பாருங்கள். அலங்காரம் இருக்கும் இடம் நாக்கில் இடறும். ரிக்வண்டி தம்பி சொன்னதும் கிட்டத்தட்ட இதுதான்.

நடுவானம் | கோவை | ஞாயிறு, மாலை 6:40

ஒன்று சொல்ல வேண்டும். தினமும் 500 வார்த்தை எழுதுகிறேன் என்று எழுதியிருந்தேன். 60 நாள் செய்தேன், அது உண்மை. நின்று இரண்டு மாதம் ஆகிறது, அதைச் சொல்லவில்லை. 30,000 வார்த்தை இருக்கிறது, திரும்பிப் படிக்கவே இல்லை. விரலிமஞ்சள் அக்கா சொன்னதைப் படித்த பிறகுதான் இன்றைக்குத் திறந்தேன். நிறையக் குப்பை. ஆனால் காந்திபுரம் பஸ் ஸ்டாண்டில் அப்பாவை வழியனுப்பிய நாலு பக்கம் இருக்கிறது. அதை முடிக்கப் போகிறேன்.

விரலிமஞ்சள் | ஈரோடு | ஞாயிறு, இரவு 8:10

முடியுங்க தம்பி. வார்த்தைக் கணக்கு இல்லாவிட்டால் அந்த நாலு பக்கமும் வந்திருக்காது. அதையும் சொல்லிவிட வேண்டும்.

ஊடைநூல் | திருப்பூர் | புதன், இரவு 11:55

மெய்ப்புப்பேனா ஐயா கேட்ட கேள்விகளை நோட்டில் எழுதி வைத்துக்கொண்டு, குரலில் பதிவு செய்து, அதிலிருந்து எழுதினேன். நாலு ராத்திரி ஆயிற்று.

*மாட்டை ஓட்டிக்கொண்டு போய் மூன்று நாள் ஆகியிருந்தது. அன்றைக்கும் அம்மிச்சி கருக்கலிலேயே எழுந்து கட்டுத்தரையைக் கூட்டினாள். சாணி இல்லை. சோளத்தட்டுத் துணுக்குக்கூட இல்லை. கூட்டிய இடத்தையே திரும்பவும் கூட்டினாள். நான் பொடக்காலிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். முளைக்குச்சியில் பழைய தும்பு கிடந்தது. மாட்டை வாங்க வந்தவர் கேட்டும் அம்மிச்சி அதைத் தரவில்லை. "கவுறு எங்களுதுங்க" என்று சொல்லிவிட்டாள்.*

*"ஏன் அம்மிச்சி இத்தன நேரத்துல எந்திரிச்சே?"*

*"பால் பீச்சோணுமல்லோ கண்ணு."*

கொறங்காடு | காங்கயம் | வியாழன், காலை 5:40

கட்டுத்தரைக்குப் போய்விட்டு வந்து படித்தேன். கொஞ்ச நேரம் ஒன்றும் எழுதத் தோன்றவில்லை அம்மிணி. தும்பைத் தராத இடம் இருக்கிறதே, மாடு வைத்திருக்கிறவர்களுக்கு அது தெரியும்.

ஒரே ஒரு சந்தேகம். "கூட்டினாள்", "நின்றேன்" என்று ஏன் எழுத வேண்டும்? "கூட்டுனா", "நின்னேன்" என்று கதை முழுக்க நம்ம பேச்சிலேயே போகலாமே?

மெய்ப்புப்பேனா | கோவை | வியாழன், மதியம் 2:30

இதில் நான் மாறுபடுகிறேன். சொல்கிறவளின் மொழி எளிய எழுத்துத்தமிழில் இருக்கட்டும். அதனால்தான் "பீச்சோணுமல்லோ" என்ற ஒரு சொல் அப்படி நிற்கிறது. எல்லா வரியும் பேச்சாக இருந்தால் அந்தச் சொல் கூட்டத்தில் காணாமல் போய்விடும். அம்மிச்சி, பொடக்காலி, கட்டுத்தரை, தும்பு போன்ற பெயர்கள் எங்கே வந்தாலும் ஊர்ப்பெயராகவே இருக்கட்டும். அவற்றுக்கு வேறு பெயர் கிடையாது. பின்குறிப்பும் வேண்டாம். முளைக்குச்சியில் கிடப்பது கயிறு என்று எந்த ஊர்க்காரருக்கும் புரியும். முழுக்கப் பேச்சிலேயே எழுதுவதும் ஒரு வழிதான், அது தப்பு என்று சொல்லவில்லை. இந்தக் கதைக்கு இது பொருந்துகிறது.

அந்த ஐந்து மாத மௌனத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். சிற்றிதழ்கள் பலவற்றை ஓரிருவர்தான் சம்பளம் இல்லாமல் நடத்துகிறார்கள், பதில் வராமல் போவதற்குக் கதை காரணமாக இருக்க வேண்டும் என்பதில்லை. பணிவாக ஒரு மின்னஞ்சல் போட்டுக் கேளுங்கள், "வேறு இடத்துக்கு அனுப்புகிறேன்" என்று தெரிவித்துவிட்டு அனுப்புங்கள். ஒரே நேரத்தில் இரண்டு இடத்துக்கு வேண்டாம். ப. சிங்காரம் 'புயலிலே ஒரு தோணி'யை எழுதியது 1962ல், புத்தகமாக வந்தது 1972ல். இன்றைக்கு அதைத் தமிழின் பெரிய நாவல்களில் ஒன்றாகச் சொல்கிறார்கள். நம்ம கோவையில் 1971ல் சிற்பி, புவியரசு, ஞானி போன்றவர்கள் சேர்ந்து வானம்பாடி என்ற கவிதை இதழை ஆரம்பித்தபோது அதற்கு விலையே வைக்கவில்லை. "விலையிலாக் கவிமடல்" என்று அச்சிட்டுக் கையில் கொடுத்தார்கள். சென்னையிலிருந்து யாராவது கூப்பிடுவார்கள் என்று உட்கார்ந்திருக்கவில்லை.

இவ்வளவு பணம் கட்டினால் புத்தகம் போட்டுத் தருகிறோம் என்று யாராவது வந்தால் இப்போதைக்கு வேண்டாம் அம்மிணி. சனிக்கிழமைச் சம்பளத்தை அதில் போடாதீர்கள். முதலில் ஏழெட்டுக் கதை முடியட்டும்.

ரிக்வண்டி | திருச்செங்கோடு (இப்போது சத்தீஸ்கர்) | வெள்ளி, அதிகாலை 1:30

அந்தப் பத்தியை வண்டியில் எல்லாருக்கும் வாசித்துக் காட்டினேன். எங்கள் டிரில்லர் அண்ணன் எழுந்து போய் ஊட்டுக்கு போன் போட்டார்.

ஊடைநூல் | திருப்பூர் | திங்கள், இரவு 10:45

ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போயிருந்தேன். அம்மாவுக்கு முழுக்கதையையும் வாசித்துக் காட்டினேன். இதுவரைக்கும் அம்மாவிடம் எதையும் காட்டியதில்லை.

அம்மா கொள்ளுப் புடைத்துக்கொண்டே கேட்டார். முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. முடிந்ததும் முறத்தைக் கீழே வைத்துவிட்டு, "கட்டுத்தரைய எதுல கூட்டுனான்னு போடலியா? சீமாறுதான். ஊட்டுக்குள்ள கூட்டறத அங்க எடுத்துட்டுப் போகமாட்டா" என்றார். அப்புறம், "மயிலைன்னு பேரு போடு. மாடுன்னு சொன்னா எந்த மாடு?" என்றார்.

நோட்டை எடுத்து இரண்டையும் அங்கேயே எழுதிக்கொண்டேன். அம்மா கொஞ்ச நேரம் முறத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, எனக்குத் தெரியாத ஒன்றைச் சொன்னார். மயிலை அப்போது நாலு மாதச் செனை. அது அம்மிச்சிக்கும் அம்மாவுக்கும் மட்டும்தான் தெரியும். செனை என்று தெரிந்தால் நல்ல விலைக்குக் கேட்பார்கள், அம்மிச்சியின் வீட்டுக்காரர் அப்பிச்சி உடனே ஓட்டிவிட்டுவிடுவார் என்று அம்மிச்சி மூச்சே விடவில்லையாம். வெலை படியாம மாடு நின்னுக்கும் என்று நினைத்திருக்கிறார். குறைந்த விலைக்கே அப்பிச்சி ஓட்டிவிட்டுவிட்டார். கடைசி வரைக்கும் அம்மிச்சி யாரிடமும் சொல்லவில்லை.

இப்போது எனக்கு ஒரு சிக்கல். கதை சொல்வது எட்டு வயதுப் பெண். அவளுக்கு இது அப்போது தெரியாது. தும்பு வரும் இடத்தில் இதைச் சொல்லிவிட்டால் அவள் பார்வை கெட்டுவிடும். கடைசியில் பெரியவளாகி அம்மா சொல்லித் தெரிந்துகொண்டாள் என்று வைத்தால், ஏதோ மறைத்துவைத்துக் காட்டின மாதிரி இருக்குமோ என்று தோன்றுகிறது. நடுவில், அம்மிச்சி மாட்டின் வயிற்றைத் தடவுவதை மட்டும் அந்தப் பிள்ளை பார்ப்பதாக வைத்து, எதுவுமே சொல்லாமல் விட்டால் படிக்கிறவர்களுக்குப் புரியுமா? இரண்டு விதமாகவும் எழுதி வைத்திருக்கிறேன். யாராவது படித்துப் பார்க்க முடியுமா?

கொறங்காடு | காங்கயம் | செவ்வாய், காலை 5:35

இரண்டையும் அனுப்புங்கள் அம்மிணி. இங்கே ராத்திரி நல்ல மழை, இன்றைக்குக் காட்டில் வேலை இல்லை. வீட்டுக்காரியும் கேட்கிறேன் என்கிறாள்.